ஊருக்குக் காவல் நின்றவர்களின் தெருவுக்கு யார் காவல்?

பட்டியில் கட்டிய ஆடு காணாமல் போனால், வாசலில் நிறுத்திய பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால், கிணற்று மோட்டாரின் ஒயரை இரவோடு இரவாக அறுத்துப் போய்விட்டால், கிராமத்தில் அடுத்து எழும் பேச்சு ஒன்றுதான்: "ராத்திரிக் காவல் போட்டாத்தான் சரிப்படும்." மொரப்பூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் இது பொருந்தும். மொரப்பூர் ரயில் நிற்கும் ஊர். தருமபுரிக்கும் அரூருக்கும் நடுவில் இருக்கும் ஊர். வெளியாள் வருவதும் போவதும் அன்றாடம் நடப்பது. சுற்றுக் கிராமங்களிலோ, வேலை தேடி ஆண்கள் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் போய்விட, பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் படுத்திருக்கும் வீடுகள் ஏராளம். பயம் நியாயமானது. காவல் வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது.

பத்து இளைஞர்கள் சேர்வார்கள். முறை வைத்துக்கொள்வார்கள். டார்ச் லைட், விசில், கையில் ஒரு தடி. இப்போது வாட்ஸ்அப் குழுவும், முச்சந்தியில் ஒரு கேமராவும். காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அந்தப் பத்துப் பேரில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர்? காவல் சுற்றும் பாதை காலனிக்குள் வருகிறதா, காலனி முனையோடு திரும்பிவிடுகிறதா? ‘சந்தேகப்படும்படியான ஆள்’ என்றால் அவர்கள் மனக்கண்ணில் நிற்கும் முகம் யாருடையது?

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் பேச்சில் அந்தச் சொல் இன்னும் போகவில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே உள்ள அந்த இருட்டுப் பாதையும் போகவில்லை. ஊர்க்காவல் என்ற பேச்சை நாம் அந்தப் பாதையில் நின்றுதான் பேச வேண்டும்.

காவல் நமக்குப் புதிதல்ல

கிராமத்துக்குக் காவல் நிற்பது நம் மக்களுக்கு நேற்று வந்த வேலை அல்ல. தலையாரி, வெட்டி, தோட்டி, நீர்கட்டி என்று பழைய கிராமத்தில் பல ஊழியங்கள் இருந்தன. எல்லா ஊரிலும் ஒரே சாதிதான் அவற்றைச் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டி, தோட்டி வேலைகள் பெரும்பாலும் நம் மக்கள் தலையில்தான் இருந்தன. பல ஊர்களில் தலையாரி வேலையும் அப்படித்தான். விளைந்த பயிருக்குக் காவல், களத்து நெல்லுக்குக் காவல், ஏரித் தண்ணீருக்குக் காவல். வசூலான வரிப்பணத்தைத் தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோகும்போது துணைக்கு நடந்தவர்களும் அவர்களே. இரண்டு ஊர்களுக்கு இடையே எல்லைத் தகராறு வந்தால், எல்லை எங்கே என்று நடந்து காட்டச் சொல்லிச் சேரிப் பெரியவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பிரிட்டிஷ் காலத்துக் குறிப்புகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஊரின் எல்லை அவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார மட்டும் அவர்களுக்கு உரிமை கிடையாது.

அந்தக் காவலுக்குக் கூலி, அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கும் படி. அளக்கிறவர் மனம் வைத்தால் மரக்கால் நிறையும். இல்லாவிட்டால் பதரோடு கலந்து வரும். கர்ணம், கிராம முன்சீப் பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. பிறகு தலையாரியும் வெட்டியும் ‘கிராம உதவியாளர்’ என்ற அரசு ஊழியராக மாறினார்கள். தண்டோரா போடுவது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. 2022 ஆகஸ்ட்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, இனித் தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவியுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அரசு அதைக் கைவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய இரவுக் காவலுக்கு ஒரு பாடம் உண்டு. முறை என்று வந்தால் எல்லா வீட்டுக்கும் முறை. வசதியுள்ள வீட்டுக்காரர் தன் முறைக்கு நூறு ரூபாயைக் கொடுத்துக் காலனிப் பையனை அனுப்பிவிட்டுப் படுத்துத் தூங்கினால், அது கூட்டுக் காவல் ஆகாது. பழைய வெட்டி வேலை புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் பொருள். விடிய விடிய ஊர்த் தெருவைச் சுற்றிய அந்தப் பையனின் தெருவை அன்றிரவு யார் சுற்றினார்கள்?

நத்தம் சொன்ன பாடம்

இந்தக் கேள்விக்கு நம் மாவட்டமே ஒரு கொடிய பதிலை வைத்திருக்கிறது. 2012 நவம்பர் 7. தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. காதலித்துத் திருமணம் செய்துகொண்ட இருவரில் ஒருவர் தலித்; மற்றவர் வேறு சாதி. பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி பரவிய அன்று மாலையே கூட்டம் திரண்டது. 250க்கும் அதிகமான வீடுகள் பாதிக்கப்பட்டன. பெங்களூருவிலும் திருப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய காரை வீடுகள், பீரோவில் வைத்த நகை, வாங்கிய வண்டி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாம் சாம்பலாயின. மக்கள் வயல்காட்டுக்குள் ஓடி உயிர் பிழைத்தார்கள்.

அந்த நாளை நாம் மறுபடி நினைப்பது பகையை வளர்க்க அல்ல. காவல் என்ற சொல்லுக்கு நம் தெருவில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள. அந்தத் தீ வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல. திருமணத்துக்கும் தீவைப்புக்கும் நடுவே சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் பஞ்சாயத்து நடந்தது, மிரட்டல் இருந்தது, பேச்சு ஊர் ஊராகப் பரவியது. டீக்கடையில் தெரிந்தது, பேருந்தில் தெரிந்தது. அத்தனை அறிகுறிகளையும் தேதி போட்டு எழுதி, எழுத்துமூலம் மேலிடத்துக்கு அனுப்பி, பதில் கேட்டு நிற்பதற்குத்தான் ஓர் அமைப்பு வேண்டும். ஆடு திருடுகிறவன் இருட்டில் ஒளிந்து வருவான். காலனியைக் கொளுத்துகிறவர்கள் அப்படி வருவதில்லை. சொல்லிவிட்டுப் பகலிலேயே வருகிறார்கள். ஆகவே நம் தெருவின் காவல் இரவில் மட்டும் விழித்திருந்தால் போதாது.

நத்தத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு பாடமும் நம் மாவட்டத்துக்குக் கிடைத்தது. அரூர் பகுதியில் உள்ள வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தவர்கள் திருடர்கள் அல்ல. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதிகாரமே எதிரே வந்து நின்ற நாளில் அந்த மக்களிடம் தடியும் இல்லை, விசிலும் இல்லை. என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று முப்பது ஆண்டுகள் மாறாமல் சொன்ன சாட்சியம் இருந்தது. கூட நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் இயக்கங்களும் இருந்தன.

கண்காணிப்பு கொலையாக மாறும்போது

தடியோடு விழித்திருப்பது மட்டுமே காவல் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி தூரத்தில் இல்லை. 2018 மே மாதம் குழந்தை கடத்தல் கும்பல் வருகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட தமிழகம் முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போக வழி தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தியது. காரில் இருந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ‘கடத்த வந்தவள்’ என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று நினைக்கவில்லை. தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள்.

கடல் தாண்டியும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் தெருக் கண்காணிப்புக் குழுக்கள் 1970களிலிருந்தே பெயர் பெற்றவை. 2012 பிப்ரவரி 26 இரவு, புளோரிடா மாநிலத்தின் சான்ஃபோர்டு நகரில், கடையில் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு திரும்பிய டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை அந்தக் குடியிருப்பின் கண்காணிப்புத் தன்னார்வலர் பின்தொடர்ந்தார். ‘சந்தேகப்படும்படி நடமாடுகிறான்’ என்று போலீஸுக்குப் போன் செய்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று போனில் பேசியவர் சொன்ன பிறகும் விஷயம் நிற்கவில்லை. சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் ஆயுதம் ஏதும் இல்லாத பிள்ளை அவன். சுட்டவர் தற்காப்பு என்று சொல்லி 2013 ஜூலையில் விடுதலையானார். ‘கறுப்பர் உயிரும் உயிரே’ என்ற இயக்கம் பிறந்தது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை. ஆனால் ‘இந்த நேரத்துல இந்தத் தெருவுல உனக்கென்னடா வேலை?’ என்ற கேள்வி இருக்கிறது. ஷிப்ட் முடித்து இரவு வண்டியில் மொரப்பூரில் இறங்கி, ஊர்த் தெரு வழியாகக் காலனிக்கு நடக்கும் நம் பிள்ளையிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. புது பைக் வாங்கிய நம் பிள்ளையிடம் ‘ஏது வண்டி?’ என்று கேட்கப்படுகிறது. ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றாலோ, கேட்பது காவல் குழுவா சாதிக் குழுவா என்றே தெரியாமல் போகிறது. காவல் குழுவின் வேலை களவைத் தடுப்பது. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் சொன்னது. வயது வந்த இருவரின் திருமணத்தில் ஊர்க்கூட்டமோ சாதிக் கூட்டமோ தலையிடக் கூடாது என்று 2018 மார்ச்சில் மறுபடியும் சொன்னது.

போலீஸின் நண்பர்களா, மக்களின் நண்பர்களா?

காவல்துறையோடு சேர்ந்து இயங்கும் தன்னார்வலர்களுக்கும் தமிழ்நாட்டில் முன்கதை உண்டு. 1993இல் ராமநாதபுரத்தில் அன்றைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ திட்டம் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது. மக்களுக்கும் போலீஸுக்கும் நடுவே இருக்கும் பயத்தைக் குறைப்பதுதான் நோக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, அந்தத் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. அந்த அமைப்பு அதை மறுத்தது. ஆனாலும் 2020 ஜூலையில் காவல் நிலையங்கள் அவர்களைப் பயன்படுத்த அரசு தடை விதித்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. காவல் குழுவில் இருக்கும் பையன் போலீஸ் ஆகிவிடவில்லை. சட்டை காலரைப் பிடிக்க, வண்டிச் சாவியைப் பிடுங்க, செல்போனை வாங்கிப் பார்க்க, அடிக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் சாதாரணக் குடிமகனுக்குக் கொடுத்திருக்கும் உரிமை மிகக் குறுகியது. ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தை ஒருவர் தன் கண் முன்னே செய்தால் அவரைப் பிடித்து வைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவின்படி, பிடித்தவரைத் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்துக்காகப் பிடிக்க உரிமை இல்லை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2). வதந்தியை நம்பித் தடியெடுக்கும் முன் நம் இளைஞர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே போட்ட காவல்

நம் தெருவுக்கான காவல் குழுவைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995ஆம் ஆண்டு விதிகளும் குற்றம் நடந்த பிறகு வழக்குப் போடுவதற்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. விதி 3 முழுக்க முழுக்க முன்கூட்டிய காவலைப் பற்றியது. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் அங்கே நேரில் போய்ச் சட்டம் ஒழுங்கு நிலைமையைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் அங்கே ஆதிக்கச் சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டும். தேவையானால் சிறப்புக் காவல் படையை நிறுத்த வேண்டும். இவை அதிகாரிகள் நமக்குச் செய்யும் தயவு அல்ல. விதி இட்ட கடமை.

விதி 17இன்படி மாவட்ட அளவில் ‘விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு’ இருக்க வேண்டும். ஆட்சியர் அதன் தலைவர். மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள், எஸ்.பி., பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்கள் ஆகியோர் அதில் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். இன்னும் கீழே, கோட்ட அளவிலும் ஒரு குழுவை விதி 17ஏ சொல்கிறது. மொரப்பூர்ப் பக்கத்துக்கு அது அரூர் கோட்டாட்சியர் தலைமையில் கூட வேண்டிய குழு. டிஎஸ்பி, தாசில்தார், பி.டி.ஓ. எல்லோரும் அதன் மேசையைச் சுற்றி உட்கார வேண்டியவர்கள். கடைசியாகக் கூடியது எப்போது, நம் வட்டாரத்திலிருந்து யார் உறுப்பினர், எந்தப் புகார் அங்கே பேசப்பட்டது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டால் பதில் கொடுத்தே ஆக வேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் எழுதிவிடக்கூடிய மனு அது.

கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. புகாரை வாங்காமல் வேண்டுமென்றே அலைக்கழித்தால், வழக்குப் பதிவு செய்யாமல் தட்டிக்கழித்தால், பிரிவு 4இன்படி பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகத்தைச் சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது விதி 7.

நம் தெருவில் எப்படி நடத்துவது?

சரி, இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு காவல் குழுவை எப்படி அமைப்பது? நாம் சொல்வதில் செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை.

முதலில் ஆட்கள். ஊரில் குழு போடும்போதே காலனியிலிருந்து சரிபாதிக்குக் குறையாமல் ஆள் கேட்க வேண்டும். கிராம சபையில் வைத்துப் பேசுவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குழுவில் யார் யார், எந்தெந்தத் தெருவைச் சுற்றுவார்கள், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் இல்லாத குழு நாளைக்கு யாருக்கும் பதில் சொல்லாது.

பெண்கள் இல்லாமல் குழு இல்லை. ஆண்கள் வெளியூரில் இருக்கும் தெருவில் பகலிலும் இரவிலும் இருப்பவர்கள் அவர்கள்தான். தண்ணீர்க் குழாயடியில், நூறு நாள் வேலையில், மரவள்ளிக் காட்டில், ரேஷன் கடை வரிசையில் காதில் விழும் பேச்சு அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஏதோ நடக்கப்போகிறது என்பதை எந்தக் கேமராவும் முன்கூட்டிச் சொல்லாது. களை எடுக்கப் போன அக்கா சொல்லிவிடுவார்.

இரண்டாவது நோட்டுப் புத்தகம். தடியைவிட அது பலமானது. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், யாருக்குச் சொன்னோம், என்ன பதில் வந்தது. திருவிழா நோட்டீஸில் வந்த தகராறு, சிலையைச் சுற்றிய வாக்குவாதம், சுவரில் எழுதிய வசவு, பேருந்தில் கேட்ட மிரட்டல் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்து எழுத வேண்டும். ஒன்றைப் பத்தாக்கி எழுதிய நோட்டு நீதிமன்றத்தில் ஒரு நொடி நிற்காது.

மூன்றாவது எழுத்துமூலப் புகார். பதற்றம் தெரிந்தவுடன் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ரசீது வாங்க வேண்டும். அதே மனுவின் நகலை டிஎஸ்பி, எஸ்.பி., கோட்டாட்சியர், ஆட்சியர் ஆகியோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். மனுவில் ‘விதி 3இன்கீழ் முன்னெச்சரிக்கை நடவடிக்கை கோரி’ என்று பொருள் போட வேண்டும். ‘எங்களுக்குத் தகவல் வரவில்லை’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாமல் செய்வது அந்த ரசீதுதான். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது போன் எண்கள். அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. வன்கொடுமைப் புகாருக்கு 2021 டிசம்பரிலிருந்து இயங்கும் தேசிய உதவி எண் 14566. இந்த நான்கையும் தெருமுனைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.

ஐந்தாவது வெளிச்சம். காலனிக்குப் போகும் பாதையில் எரியாத விளக்கு எத்தனை என்று எண்ணி, கம்பத்து எண்ணோடு ஊராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும். கேமரா வைத்தால் காலனிப் பாதையிலும் ஒன்று வைக்கச் சொல்ல வேண்டும். அதன் பதிவு யார் கையில் இருக்கும், தகராறு வந்தால் இரு தரப்பும் பார்க்க முடியுமா என்பதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும். ஒரு தரப்பு மட்டும் பார்க்கும் கேமரா மறு தரப்பை வேவு பார்க்கும் கேமராதான்.

ஆறாவது நத்தம் மக்கள் இழந்ததிலிருந்து நாம் கற்றது. சான்றிதழ், பட்டா, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து, வெளியூரில் உள்ள நம்பகமான உறவினருக்கு அனுப்பி வைக்க வேண்டும். டிஜிலாக்கரில் ஏற்றவும் செய்யலாம். ஒவ்வொரு காலனியிலும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை இது.

ஏழாவது வாட்ஸ்அப் ஒழுங்கு. காவல் குழுவின் வாட்ஸ்அப்பில் யார் படத்தையும் ‘திருடன்’ என்று போடக் கூடாது. வேறு ஊர் வீடியோவை நம் ஊர் என்று அனுப்பக் கூடாது. காதலர் படம் வரவே கூடாது. போட்டவரை அன்றைக்கே நீக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவர் வந்தால் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், பிறகு பெயரும் ஊரும் கேட்க வேண்டும், அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் 112க்குச் சொல்ல வேண்டும். வட மாநிலத் தொழிலாளிக்கும் இதே முறைதான். வேலை தேடிப் பெங்களூரு போன நம் பிள்ளையை அந்த ஊர்க்காரர் எப்படி நடத்த வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படி நடத்தினால் தவறு வராது.

ஊரும் சேரியும் சேர்ந்த காவல்

இதையெல்லாம் படிக்கும் ஊர்த்தெரு வாசகர் ஒருவர், ‘ஆடு திருட்டைப் பேச வந்தால் சாதியைப் பேசுகிறார்களே’ என்று நினைக்கலாம். ஆடு திருட்டையும் பேசுகிறோம். ஊர்த்தெருவில் ஆடு போனால் காலனிக்கு என்ன என்று நாம் கேட்கவில்லை; முறைக்கு வருகிறோம் என்றுதான் சொல்கிறோம். காலனிப் பாதையில் ஒரு பெண்ணை வழிமறித்தால் ஊர்க்காரரும் விசில் ஊத வேண்டும் என்றுதான் கேட்கிறோம். எல்லா ஊரிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தகராறு நாளில் அவர்கள் வாய் திறக்காமல் போவதற்குக் காரணம், தனியாக நிற்க அவர்களுக்கும் பயம். கிராம சபைத் தீர்மானத்தில் பெயர் எழுதிய ஒரு பொதுக் குழு இருந்தால், அந்த நல்லவருக்கும் பேச ஒரு பலம் கிடைக்கும்.

சேர்ந்து காவல் போட ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? நம் தெரு நம் காவலைத் தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவை இல்லை. ஊரை எதிர்த்து நிற்கும் படையாக அது இருக்கக் கூடாது. மேலே சொன்ன நோட்டு, ரசீது, போன் எண், வெளிச்சம், ஆவண நகல் ஆகியவையே அதன் ஆயுதம். சட்டத்தை அரணாக எழுதிக் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த அரணுக்குக் காவல் நிற்பது நம் வேலை.

அடுத்த கிராம சபை வரப்போகிறது. இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்கள் அதற்குள் இரண்டு காரியம் செய்யலாம். காலனிப் பாதையில் எரியாத விளக்குகளை எண்ணுங்கள். கோட்ட அளவிலான விழிகண் குழு கடைசியாகக் கூடிய தேதியைக் கேட்டு அரூர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு அனுப்புங்கள். கம்பத்து எண்களும் அந்தத் தேதியும் கையில் வந்த பிறகு கிராம சபையில் எழுந்து நின்று பேசினால், உட்காரச் சொல்ல யாராலும் முடியாது.